குடத்தின் 130 ஹெர்ட்ஸ்

உடன்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கருப்பட்டிதான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட கருப்பட்டி. அதைத் தரும் பனையின் தண்டிலிருந்து இந்த வட்டாரம் ஓர் இசைக்கருவியையும் எடுத்துக்கொண்டது. தேக்குக்கும் வேம்புக்கும் வைரம் உள்ளே இருக்கும், பனைக்கு வெளியே. கறுத்து இறுகிய அந்த வெளிவைரத்தைச் செதுக்கி வளைத்து, தோல் நாண் பூட்டி, வெண்கல மணிகளைத் தொங்கவிட்டால் வில்லுப்பாட்டின் வில் தயார்.

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கிக்கும் கொடைவிழா நடக்கும்போது வில்லடி வைப்பது இன்றும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையை வானொலிக்கும் சென்னை மேடைகளுக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். வில்லின் நாணில் வீசுகோல் விழும். வில்லோடு சேர்த்து வைத்த மண்குடத்தின் வாயில், குடத்தை அடிக்கும் மட்டையான பத்தி விழும். உடுக்கு, ஜால்ரா, கட்டை கூடவே வரும். இத்தனையும் தரையில் உட்கார்ந்த ஒரு சின்னக் குழுவிடமிருந்து.

உடன்குடிக்குப் பக்கத்து ஊர் குலசேகரன்பட்டினம். அங்கே தசரா நெருங்கும்போது முத்தாரம்மன் பாட்டுகள் புதிது புதிதாக வருகின்றன. அவற்றில் பலவும் ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு கீபோர்டு என்ற அளவில் வீட்டு அறைகளில் உருவாகின்றன. கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர், லாஜிக் என்று மென்பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றோடு வரும் ஒலி நூலகங்களில் 'இந்தியத் தாளம்' என்ற தலைப்பின் கீழ் தபலா இருக்கும், தோலக் இருக்கும். வில்லுக்குடம் அநேகமாக இருக்காது. எனவே இந்த மண்ணின் ஒலி வேண்டுமென்றால் அதை நாமேதான் கட்ட வேண்டும். அதைக் கட்டும் வழிதான் இந்த அத்தியாயம். வழி எளியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஒலி எதனால் உண்டாகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் திரையில் எந்தக் குமிழைத் திருகுவது என்பது தானாகத் தெரியும். பதில் தெரியாமல் திருகுபவர் ஆயிரம் பிரீசெட்களில் அலைந்துகொண்டே இருப்பார்.

குடத்திலிருந்து தொடங்குவோம். குடத்தின் வாயில் அடிக்கும்போது அதிர்வது மண் மட்டுமல்ல. கழுத்துக்குள் இருக்கும் காற்று ஒரு திரளாக மேலும் கீழும் ஆடுகிறது. வயிற்றுக்குள் அடைபட்ட காற்று அதற்கு ஸ்பிரிங்காக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த ஒத்ததிர்வை விளக்கினார். வாயின் பரப்பு, கழுத்தின் நீளம், வயிற்றின் கொள்ளளவு ஆகிய மூன்றும் சுருதியைத் தீர்மானிக்கின்றன. 12 லிட்டர் பிடிக்கும் குடம், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய், 4 சென்டிமீட்டர் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வெளியிலும் உள்ளிலும் சேர்ந்து ஆடும் காற்றையும் கணக்கில் கொண்டால் அதிர்வெண் சுமார் 130 ஹெர்ட்ஸ் வருகிறது. பத்தி வாயில் பாதியை மூடியபடி நின்றால் பரப்பு பாதியாகும். சுருதி ஏறத்தாழ 90க்கு இறங்கும். குடம் வாசிப்பவர் பத்தியை எடுக்கும் வேகத்தில் அந்த இறக்கமும் ஏற்றமும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிகின்றன. 'கும்' என்று நாம் கேட்பதற்குள் ஒரு வளைவு ஒளிந்திருப்பது இதனால்தான்.

இதைக் கணினியில் செயற்கையாகப் படைக்க ஒரு சைன் அலையே போதும். 90 ஹெர்ட்ஸில் தொடங்கி 130க்கு விரைந்து ஏறும் சுருதி, உடனே எழுந்து கால் நொடிக்குள் தேயும் ஒலி அளவு, தொடக்கத்தில் பத்தியின் 'தட்' என்ற இரைச்சல் ஒரு துளி. வேறொன்றும் வேண்டாம். மின்னணு நடன இசையின் கிக் டிரம் சுருதி மேலிருந்து கீழே விழுவது; நம் குடம் பல அடிகளில் கீழிருந்து மேலே எழுவது. ஒரு பாட்டில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: அடிச்சுருதி ஒரே இடத்தில் இருந்தாலும் காது இரண்டையும் பிரித்துவிடும்.

பதிவுசெய்த குடத்தின் ஒலியைக் கீபோர்டில் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். அதிர்வெண் இரட்டிப்பாவது என்றால் எல்லா நீள அகலங்களும் பாதியானது போல. 12 லிட்டர் குடம் ஒன்றரை லிட்டர் செம்பாகச் சுருங்கியது போல. அதனால்தான் ஒரே பதிவைக் கீபோர்டு முழுவதும் நீட்டி வாசித்தால் பொம்மைச் சத்தம் வருகிறது. இரண்டு மூன்று அரைச்சுருதிக்கு மேல் நகர்த்தாதீர்கள். வேறு சுருதி வேண்டுமானால் வேறு குடத்தைப் பதிவுசெய்யுங்கள். குடம் என்ன, கிடைக்காத பொருளா?

உடுக்கில் சிக்கல் வேறு மாதிரி. நடுவில் ஓடும் கயிற்றை அழுத்தினால் தோல் இறுகி, தோலின் அதிர்வெண்கள் ஏறும். ஆனால் உடலின் உட்கூடு அளவு மாறாது. மென்பொருளில் சுருதியை வளைத்தால் தோலும் கூடும் சேர்ந்தே நகரும். காது அந்த வேறுபாட்டைப் பெயர் சொல்லத் தெரியாமலே கண்டுபிடித்துவிடும். கயிற்றைத் தளரவிட்டு, பாதி அழுத்தி, முழுக்க அழுத்தி என்று மூன்று நிலைகளில் பதிவுசெய்து, இடையே மட்டும் மென்பொருளை வளைக்க விடுவது மேல்.

இனி வில். நாண் முறுக்கிய தோல் என்பதால் வீணைத் தந்தியைப் போல நீண்டு பாடாது; அடியை வாங்கி வில்லுக்கும் மணிகளுக்கும் கடத்துவதே அதன் முதன்மை வேலை. இதைக் கட்ட 1983இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட ஓர் அழகான வழி உண்டு. கணினியின் நினைவகத்தில் சில நூறு எண்களை வரிசையாக வைத்து, அவற்றைத் தாறுமாறான இரைச்சலால் நிரப்புங்கள். அந்த வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணையும் அடுத்த எண்ணோடு சேர்த்துச் சராசரியாக்குங்கள். இரைச்சல் சில சுற்றுகளில் தந்தி ஒலியாக மாறிவிடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணினியில் 401 எண்கள் வைத்தால் சுமார் 110 ஹெர்ட்ஸ். தந்தியில் அலை ஓடித் திரும்புவதும், ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான அதிர்வுகள் முதலில் தேய்வதும் இந்தச் சின்னக் கணக்குக்குள் அப்படியே அடங்கிவிடுகின்றன. நம் தோல் நாணுக்கு இந்தத் தேய்வை இன்னும் விரைவாக்க வேண்டும், அவ்வளவே.

மணிகளுக்கு வழி ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் 1973இல் வெளியிட்ட எஃப்எம் முறை. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டுவது அது. முதல் அலை 200 ஹெர்ட்ஸ், ஆட்டும் அலை 280 ஹெர்ட்ஸ் என்றால், கூட்டியும் கழித்தும் 80, 360, 480, 640, 760, 1040 என்று புதிய அதிர்வெண்கள் பிறக்கும். எதுவும் 200இன் மடங்கு இல்லை. தந்தியில் மேற்சுருதிகள் அடிச்சுருதியின் முழு மடங்குகளாக வரும். வெண்கல மணியில் அப்படி வருவதில்லை. மணியை மணியாகக் கேட்கவைப்பது அந்த ஒழுங்கின்மைதான். 1:1.4 என்ற விகிதத்தை வைத்துக்கொண்டு எண்களைப் பத்து இருபது மடங்கு பெரிதாக்கினால் வில்மணியின் சிணுங்கல் கிடைக்கும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 இந்த முறையை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. இன்று இலவச மென்பொருள்களிலும் இது இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடம் 130 ஹெர்ட்ஸ் அருகே. பாடுபவரின் குரல் அதற்கு மேலே, சில நூறிலிருந்து மூவாயிரம் வரை. மணியும் ஜால்ராவும் அதற்கும் மேலே. ஒருவர் இடத்தை இன்னொருவர் மிதிப்பதில்லை. ஈக்வலைசர் கொண்டு மணிக்கணக்கில் நாம் செய்யும் இடப் பங்கீட்டை, மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கதை கேட்கப்பட வேண்டும் என்ற தேவையே செய்து முடித்திருக்கிறது. இந்தக் குழுவைக் கலக்கும்போது ஈக்வலைசரில் கை வைப்பதற்கு முன் ஒருமுறை எதுவும் செய்யாமல் கேளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஓர் ஒலி எந்தக் கருவியுடையது என்பதைக் காது பெரும்பாலும் அதன் முதல் சில மில்லி நொடிகளில் முடிவுசெய்கிறது. 1948இல் பாரிஸில் பியர் ஷாஃபர் ஒரு மணியோசைப் பதிவின் தொடக்க அடியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒலிக்கவிட்டார். அது மணியாகவே கேட்கவில்லை. 1987இல் வந்த ரோலண்ட் டி-50 கீபோர்டு இந்த உண்மையைப் பணமாக்கியது. நினைவகம் விலை கூடிய காலம் அது. எனவே அடியை மட்டும் உண்மையான பதிவிலிருந்து எடுத்து, நீளும் பகுதியைச் செயற்கையாகச் சேர்த்தது. இன்று நினைவகம் மலிவு. ஆனாலும் அந்த உத்தி பழசாகவில்லை. வீசுகோல் நாணில் படும் அந்தத் தொடக்கத்தை மட்டும் உண்மையாகப் பதிவுசெய்து, அதன் பின்னால் உங்கள் விருப்பம்போல எதையும் ஒட்டலாம்: குதிரைமொழித் தேரி மணற்காட்டின் காற்றில் காய்ந்த பனையோலைகள் உரசும் சத்தத்தை 50 மில்லி நொடித் துணுக்குகளாக நறுக்கி அடுக்கினால் ஒரு நீண்ட படலம் கிடைக்கும். கிரானுலர் என்று மென்பொருளில் பெயரிட்டிருப்பது இதைத்தான். அடி வில்லாக இருக்கும்வரை கேட்பவருக்கு அது வில்தான்.

பதிவுக்குப் போகலாம். கொடை நடக்கும் இரவில் நூலகத்துக்கான பதிவு எடுக்க நினைக்காதீர்கள். ஜெனரேட்டர், கூம்பு ஒலிபெருக்கி, கூட்டம் எல்லாம் சேர்ந்துவிடும். அதைவிட, அது வழிபாட்டு நேரம். கலைஞர்களிடம் தனியாக ஒரு பகல் கேளுங்கள், அந்தப் பகலுக்குக் கூலி கொடுங்கள். கீபோர்டிலிருந்து கணினிக்குப் போகும் மிடி என்ற மொழியில் ஓர் அடியின் வலிமை 1 முதல் 127 வரை எண்ணாக எழுதப்படும். மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒலி அளவில் மட்டும் வேறுபடுவதில்லை, நிறத்திலேயே வேறுபடும் என்பதால் ஒவ்வோர் அடியையும் ஐந்து வலிமைகளில் எடுக்க வேண்டும். ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். ஒவ்வொரு வலிமையிலும் ஆறு தடவை எடுத்து மாறி மாறி ஒலிக்கவிட வேண்டும். ஐந்து ஆறு முப்பது. உடுக்குக்கு நான்கு அடிவகை என்றால் 120 கோப்புகள், அதுவும் கயிற்றின் ஒரே நிலையில். மூன்று நிலைக்கு 360. அன்றைக்கே பெயரிடாவிட்டால் அடுத்த வாரம் அவற்றை யாராலும் பிரிக்க முடியாது. கருவி, நிலை, அடி, வலிமை, எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். இசைக் கற்பனை தடைபடாமல் ஓடுவது இந்தச் சலிப்பான வேலையை முதலிலேயே முடித்தவர்களுக்கு மட்டுமே.

இரண்டு மைக் வைக்கும்போது ஒரு பொறி உண்டு. குடத்தின் வாயருகே ஒன்று, குழுவுக்கு மேலே ஒன்று என்று வைக்கிறீர்கள். மேலே உள்ளது 1.3 மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால் ஒலி அங்கே சுமார் 3.8 மில்லி நொடி தாமதமாகப் போய்ச் சேரும். 130 ஹெர்ட்ஸ் அலைக்கு அது ஏறத்தாழ அரைச் சுற்று. ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டையும் சம அளவில் சேர்த்தால் குடம் காணாமல் போகும். மணியும் குரலும் இருக்கும், அடி வயிறு மட்டும் இருக்காது. பலரும் அப்போது பாஸைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள். தேவை அதுவல்ல. ஒரு தடத்தைத் திரையில் பெரிதாக்கி 3.8 மில்லி நொடி நகர்த்துங்கள், குடம் திரும்பி வரும்.

அப்படிக் காப்பாற்றிய குடத்தையும் கேட்பவரின் கைப்பேசி விழுங்கிவிடும். சின்ன ஸ்பீக்கருக்கு 130 ஹெர்ட்ஸ் எட்டாது. விழாப் பந்தலில் கட்டிய கூம்புக்கும் அநேகமாக எட்டாது. இங்கே காதின் ஒரு விந்தை கைகொடுக்கிறது. 260, 390, 520 ஹெர்ட்ஸ் மூன்றும் சேர்ந்து ஒலித்தால், 130 உண்மையில் இல்லாவிட்டாலும் மூளை அந்தச் சுருதியைக் கேட்டதாகவே கொள்கிறது. எனவே குடத்தின் தடத்தில் லேசாகச் சாச்சுரேஷன் சேர்த்து மேற்சுருதிகளை எழுப்பினால், கைப்பேசியிலும் அது குடமாகக் கேட்கும். தசராப் பாட்டுகளைப் பெரும்பாலானோர் கேட்பது கைப்பேசியில்தான் என்றால், இது அலங்கார வேலை அல்ல.

காலக் கணக்கில்தான் மென்பொருளோடு எனக்குப் பெரிய சண்டை. பல மென்பொருள்களைத் திறந்தால் நிமிடத்துக்கு 120 அடி என்ற கட்டம் முதலில் வந்து நிற்கும். வில்லுப்பாட்டில் குழுத் தலைவரான அண்ணாவி கதை சொல்லும்போது தாளம் தளர்ந்து நடக்கும். சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கி, சாமியாடுபவரின் உடலில் அசைவு தென்பட்டதும் தாளம் முறுகி ஏறும். 90இல் தொடங்கியது 130ஐத் தாண்டினாலும் வியப்பில்லை. எங்கே ஏற வேண்டும் என்பதை முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்து அந்த நொடியில் அண்ணாவி முடிவுசெய்கிறார். இப்படிப்பட்ட கலைஞரின் காதில் ஹெட்போனை மாட்டி 'டிக் டிக்' என்று கிளிக்கை ஓடவிட்டு அதற்குப் பாடச் சொல்வது, பாட்டின் உயிரை எடுத்துவிட்டு உடலைப் பதிவுசெய்வதாகும். தொழில்நுட்பம் இதைக் கேட்கவும் இல்லை. கிளிக்கை அணைத்துவிட்டுப் பாட விடுங்கள். பிறகு ஜால்ராவின் அடிகளைப் பார்த்து, கட்டத்தின் கோடுகளை அவற்றின் மேல் இழுத்து வையுங்கள். இன்றைய மென்பொருள்களில் டெம்போ மேப் என்ற பெயரில் இதற்கு வசதி இருக்கிறது. சில தாமே கண்டுபிடிக்கவும் முயலும், ஆனால் வேகம் ஏறும் இடத்தில் அடிக்கடி தடுமாறும், கையால் திருத்த வேண்டிவரும். அதன்பின் நீங்கள் சேர்க்கும் பாஸ், ஸ்ட்ரிங்ஸ், சிந்த் எல்லாம் அண்ணாவியின் பின்னால் ஏறி இறங்கும். அடிகளைக் கட்டத்துக்கு நேராக்கும் குவாண்டைஸ் பொத்தானையும் அளவோடு தொடுங்கள். முழுக்க நேராக்காமல் பாதி நேராக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு.

வாசிக்கும்போது கணினி உண்டாக்கும் தாமதம் பற்றிய கவலை மட்டும் அளவுக்கு மீறியது. 48,000 மாதிரி வேகத்தில் 256 மாதிரி பஃபர் வைத்தால் ஒருமுறைக்கு 5.3 மில்லி நொடி. காற்றில் ஒலி அதே நேரத்தில் 1.8 மீட்டர் போகும். வில்லின் ஒரு முனையில் இருப்பவர் மறுமுனையில் இருப்பவரைக் கேட்பதில் அதைவிடக் கூடுதல் தாமதமே இருக்கும். போய்வரும் மொத்தத் தாமதம் 10 மில்லி நொடிக்குள் இருந்தால் வாசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவாக இராது. பதிவின்போது பஃபரைச் சிறிதாக வையுங்கள், கலவையின்போது பெரிதாக்குங்கள்.

ரிவெர்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வில்லுப்பாட்டு திறந்த வெளிக் கலை. சுற்றிலும் மணலும் மனிதர்களும் இரவுக் காற்றும். திரும்பி வரும் எதிரொலி மிகக் குறைவு. அதன் மேல் 'கதீட்ரல்' என்று பெயரிட்ட பிரீசெட்டைப் போட்டால் மணிகள் பனிமூட்டத்துக்குள் போய்விடும், கதை புரியாது. சின்ன அறையின் ஒலி ஒரு துளி போதும். உண்மையிலேயே ஒரு பெரிய கூடத்தின் முழக்கம் வேண்டுமென்றால், குலசேகரன்பட்டினத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் தேவாலயம் இருக்கிறது. அனுமதி பெற்று, ஆளில்லாத நேரத்தில் ஒரு பலூனை உடைத்துப் பதிவுசெய்யுங்கள். அந்த ஒரு வெடிப்புக்குக் கட்டடம் தந்த மறுமொழியைக் கன்வல்யூஷன் ரிவெர்பில் ஏற்றினால், எந்த ஒலியையும் அந்தக் கூடத்துக்குள் வைத்துக் கேட்கலாம்.

கல்லின் ஒலியைத் தேடுபவர்களுக்குத் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் நினைவுக்கு வரும். அவற்றைத் தட்டிப் பதிவுசெய்ய ஆசைப்பட வேண்டாம். கல் ஒவ்வோர் அடியிலும் தேயும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைச் சேதமில்லாமல் அளந்து 2008இல் ஆய்வு வெளியிட்டார்கள். தூண் வளைந்து அதிர்வதுதான் இசைக்குக் காரணம் என்று அதில் விளங்கியது. ஒரு பொருள் எந்தெந்த அதிர்வெண்களில் அதிர்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற பட்டியல் கிடைத்துவிட்டால், அத்தனை சைன் அலைகளைத் தேயவிட்டுக் கூட்டி அந்தப் பொருளின் ஒலியைத் திரையில் எழுப்பிவிடலாம். கல்லைத் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்த பின் சேமிப்பு. ஆறு மைக், 24 பிட், 48,000 மாதிரி, மூன்று மணி நேரம் என்றால் 9 ஜிபிக்குச் சற்று மேல். இரண்டு வட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். பதிப்பு மாறினால், ஒரு பிளக்இன் நின்றுபோனால் திறக்காது. ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து டபிள்யூஏவி கோப்பாக எடுத்து வையுங்கள். எந்த மென்பொருளிலும் அவை வரிசையாக வந்து உட்காரும். டெம்போ மேப்பைத் தனி மிடி கோப்பாக எடுங்கள். கூடவே ஒரு எளிய உரைக் கோப்பு: ஊர், நாள், மைக் எங்கே எவ்வளவு தொலைவில் இருந்தது, குடத்தின் கொள்ளளவு, வாயின் விட்டம், வில்லை யார் செய்தது, அண்ணாவி யார், குடம் வாசித்தவர் யார், உடுக்கு யார், அவர்களிடம் என்ன அனுமதி பெறப்பட்டது, இந்த ஒலிகள் விற்கப்பட்டால் அவர்களுக்கு எவ்வளவு போக வேண்டும்.